கோவேறு கழுதையும் பெருஞ்சிலந்தியும்

அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே புகழ் அனைத்தும். சிலந்தியின் பெயரால் திருமறையில் ஓர் அத்தியாயமே அமைந்திருப்பதை நாம் அறிவோம். தவ்ர் குகையின் வாயிலில் சிலந்தி வலை பின்னிய செய்தியைப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி, அச்சிற்றுயிரை அடிக்கக் கையோங்கத் தயங்கும் மனத்தை நம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்த்துள்ளனர். அத்தகைய சிலந்தியைப் பற்றி மார்க்கத்தின் நிலை யாதெனக் கேட்டு அண்மையில் எனக்கு ஒரு மடல் வந்தது. முதலில் படித்தபோது சற்றே சிரித்தேன். மறுமுறை படித்தபோது, இது சிரித்து ஒதுக்கத்தக்க வினா அன்று என்பதை உணர்ந்தேன்.

எழுதியவர் இராமநாதபுரம் கடற்கரைப் பகுதியைச் சேர்ந்த இளைஞர். சிறுவயதில் என்னிடம் குர்ஆன் ஓதக் கற்றவர். இப்போது ஜெர்மனி நாட்டில் பணிபுரிகிறார். நம்மவர் கிளியும் புறாவும் வளர்ப்பதைப் போன்றே அந்நாட்டில் ‘டாரன்டுலா’ என்னும் பெருஞ்சிலந்திகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து வளர்ப்போர் பலர். அவற்றை விற்கவும் வாங்கவும் ஹாம் என்னும் நகரில் பெருஞ்சந்தையும் கூடுகிறது. ஒரு விற்பனையிடத்தில் இராமேசுவரத்தைத் தாயகமாகக் குறித்த சீட்டு ஒட்டிய பெட்டியைக் கண்ட அந்த இளைஞர், ‘நம் மண்ணின் உயிராயிற்றே’ என்று அதனை வாங்கி வந்துவிட்டார். அது பெண் சிலந்தி. மூன்றாண்டுகளாக அதனைப் பேணி வருகிறார்.

இப்போது அவருடைய நண்பரிடம் ஓர் ஆண் சிலந்தி இருக்கிறது. அது இலங்கையைத் தாயகமாகக் கொண்ட வேறோர் இனம். இவ்விரண்டையும் இணை சேர்த்தால் குஞ்சுகள் புதுமையாக இருக்கும் என்றும், விற்றால் நல்ல விலை கிடைக்கும் என்றும் நண்பர் வற்புறுத்துகிறார். ஆண் சிலந்தியோ பருவமெய்தியபின் நெடுநாள் வாழாது. இணையின்றியே அது மடிந்துவிடுமே என்ற இரக்கத்தையும் காரணமாகக் காட்டுகிறார். “ஹஜ்ரத், இது ஆகுமா, ஆகாதா?” என்பதே அந்த இளைஞரின் வினா.

நேயர்களே! விடைக்குச் செல்லுமுன் இவ்வுயிரினத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நலம். ‘பொயிசிலோதீரியா’ என்று அறிவியலார் பெயரிட்ட இச்சிலந்திப் பேரினத்தை அல்லாஹ் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே படைத்து வைத்திருக்கிறான். உலகின் வேறெந்தக் காட்டிலும் இவை இயற்கையாக வாழ்வதில்லை. மரப்பொந்துகளே இவற்றின் வீடு. பகலில் பதுங்கியிருந்து இரவில் வெளிவந்து பூச்சிகளைப் பிடித்துண்ணும். இராமேசுவரத்து இனம் 2004-ஆம் ஆண்டில்தான் தனி இனமாக அறிவியல் ஏட்டில் பதிவாயிற்று. அங்குள்ள அனுமன் கோயிலொன்றின் பெயரைத் தழுவி அதற்குப் பெயர் சூட்டினர். புளியந்தோப்புகளையும் பனந்தோப்புகளையும் அண்டி வாழும் அவ்வினம், அழிவின் விளிம்பில் நிற்பதாக இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2008-இல் அறிவித்தது. தோப்புகளின் மரங்கள் வெட்டப்பட வெட்டப்பட அவற்றின் வீடும் போகிறது. ஆந்திரத்தின் நந்தியால், கித்தலூர் ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட காட்டில் வாழும் நீலநிறச் சிலந்தியின் நிலையும் இதுவே. 1899-இல் குத்தி என்னும் ஊரில் கிடைத்த ஒன்றைக் கொண்டு விவரிக்கப்பட்ட அவ்வினம், இன்று ஐரோப்பிய வீடுகளில் பெருகியிருக்கத் தன் காட்டில் அருகிக் கிடக்கிறது.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். வளர்ப்பது ஆகுமா என்னும் கேள்விக்கு விடை கடினமன்று. அபூ உமைர் என்னும் சிறுவர் ஒரு சிறு பறவையை வளர்த்து வந்தார். அது இறந்துவிட, வருந்தியிருந்த அப்பிள்ளையிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அப்பறவையைப் பற்றிப் பரிவோடு விசாரித்தார்கள். வளர்த்ததைக் கண்டிக்கவில்லை. உணவும் நீரும் குறையாமல் பேணினால் உயிரினங்களை அடைத்து வளர்க்கலாம் என்பதற்கு அறிஞர்கள் இந்நிகழ்ச்சியைச் சான்றாகக் கொண்டனர். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியிட்ட பெண் நரகுக்குரியவளான செய்தியோ அதன் மறுபக்கமாகும். ஆயினும் இச்சிலந்தி கடித்தால் கடும் வலியும் பல நாள் தசைப்பிடிப்பும் உண்டாகும். சிறு குழந்தைகள் நடமாடும் வீட்டில் அதனை வைத்திருப்பது அறிவுடைமை ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கலப்பினம் பற்றிய கேள்விக்கு நம் முன்னோர் விடை சொல்லாமல் போகவில்லை. அவர்கள் காலத்தில் சிலந்தியைக் கலப்பார் இல்லை. ஆனால் கோவேறு கழுதை இருந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குக் கோவேறு கழுதையொன்று அன்பளிப்பாக வந்தது. அதைக் கண்ட அலி (ரலி) அவர்கள், நாமும் கழுதையைக் குதிரையோடு சேர்த்தால் இத்தகையது நமக்கும் கிடைக்குமே என்றார்கள். அதற்குப் பெருமானார் (ஸல்) அவர்கள், அறியாதவர்களே அவ்வாறு செய்வர் என்னும் கருத்துப்பட விடையளித்தார்கள். இச்செய்தி அபூதாவூதிலும் நஸாயீயிலும் பதிவாகியுள்ளது.

இதனோடு இன்னொன்றையும் சேர்த்து நோக்க வேண்டும். அதே பெருமானார் (ஸல்) அவர்கள் கோவேறு கழுதையின் மீது ஏறிச் சென்றுள்ளார்கள். ஹுனைன் போர்க்களத்தில் அவர்கள் அமர்ந்திருந்தது வெண்ணிறக் கோவேறு கழுதையின் மீதேயாகும். மனிதன் ஏறிச்செல்லவும் அழகாகவும் படைக்கப்பட்டவற்றைச் சொல்லும்போது திருமறையும் குதிரை, கழுதை ஆகியவற்றோடு கோவேறு கழுதையையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே கலந்து பிறந்தது என்பதனால் மட்டும் ஓர் உயிர் இழிந்ததாகிவிடாது. கலப்பு எல்லாமே இறைவனின் படைப்பை மாற்றும் ஷைத்தானிய வேலை என்று ஒரே வீச்சில் தீர்ப்பளிப்போர் இந்த இடத்தில் நின்று நிதானிக்க வேண்டும். அவ்வாறாயின் கோவேறு கழுதையைத் திருமறை அருட்கொடைகளின் வரிசையில் வைத்திராது அன்றோ?

அப்படியானால் பெருமானார் (ஸல்) அவர்கள் ஏன் அதனை விரும்பவில்லை? இவ்வினாவை இமாம்கள் ஆழ்ந்து ஆராய்ந்துள்ளனர். ஹிஜ்ரி 321-இல் மறைந்த இமாம் தஹாவீ அவர்கள், பனூஹாஷிம் குலத்தாரிடம் குதிரைகள் குறைவாக இருந்தன என்றும், அவை அவர்களிடம் பெருக வேண்டும் என்று நபியவர்கள் விரும்பினார்கள் என்றும் காரணத்தை எடுத்துரைக்கிறார்கள். ஹிஜ்ரி 388-இல் மறைந்த இமாம் கத்தாபீ அவர்களும், கழுதையைக் குதிரையோடு சேர்ப்பதனால் குதிரையின் எண்ணிக்கை குன்றி அதன் பயன் அற்றுப்போகும் என்னும் கருத்தையே விளக்குகிறார்கள். குதிரையின் வயிறு ஓராண்டுக்கு ஒரு குட்டியைத்தான் தரும். அது கோவேறு கழுதையைச் சுமந்தால் அந்த ஆண்டு ஒரு குதிரை குறைந்தது என்றே பொருள்.

இவ்விளக்கமே நம் வினாவுக்குத் திறவுகோல் என்பது என் தாழ்மையான கருத்து. கலப்பு என்பது தன்னளவில் பாவமாக இங்கே சொல்லப்படவில்லை. அருகிவரும் மூல இனம் அதனால் மேலும் அருகிப் போவதே விரும்பப்படாத செயலாயிற்று. குதிரை குறைந்திருந்த இடத்தில் இக்காரணம் பொருந்தியது என்றால், அழிவின் விளிம்பில் நிற்கும் இராமேசுவரத்துச் சிலந்திக்கு எத்துணை மடங்கு மிகுதியாகப் பொருந்தும்! நிலத்தில் ஊர்வனவும் வானில் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று திருமறை உணர்த்துகிறது. நூஹ் நபி (அலை) அவர்கள் கப்பலில் ஒவ்வோர் இனத்திலிருந்தும் ஓர் இணையை ஏற்றுமாறு பணிக்கப்பட்டார்கள். இனம் இனமாகக் காக்கப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான படிப்பினை வேறென்ன வேண்டும்? இந்த இளைஞரின் கண்ணாடிப் பெட்டியும் ஒரு சிறு கப்பலே ஆகும். அதற்குள் இருப்பது அமானிதம்.

“காட்டுக்குத் திரும்பாத சிலந்திதானே! பெட்டிக்குள் கலந்தால் காட்டுக்கு என்ன நட்டம்?” என்று நண்பர் கேட்கலாம். நியாயமான வினாவே. வீட்டில் பிறந்த குஞ்சுகளைக் கொண்டுபோய் இராமேசுவரத்துத் தோப்பில் விட எவரும் எண்ணவில்லை. விடவும் கூடாது. ஆயினும் நட்டம் வேறு வழியாக வரும். 2019-ஆம் ஆண்டில் ஜெனீவாவில் கூடிய நாடுகள் இச்சிலந்திப் பேரினம் முழுவதையும் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தன. உரிமச் சீட்டு இன்றி அவற்றை நாடு விட்டு நாடு கொண்டுசெல்லலாகாது. அமெரிக்க அரசு அதற்கு முன்பே, 2018-இல், இலங்கைச் சிலந்தியினங்கள் ஐந்தனை அழிந்துவரும் இனங்களாகத் தன் சட்டத்தில் அறிவித்துவிட்டது. எனவே வளர்ப்போர் தம்மிடம் உள்ளவற்றைக் கொண்டே தலைமுறைகளைத் தொடர வேண்டும். அக்கையிருப்பில் கலப்பு புகுந்து, எது தூயது எது கலந்தது என்று தெரியாமற் போனால் என்ன நடக்கும்? தூய இனம் வேண்டும் என்று தேடுவோரின் கண்கள் மீண்டும் காட்டின் பக்கமே திரும்பும். இரவில் டார்ச் விளக்கோடு மரப்பொந்தைக் குடைய ஒருவன் கூலிக்கு அமர்த்தப்படுவான். ஜெர்மனியில் ஒரு பெட்டிக்குள் நடந்த விளையாட்டுக்கு நம் ஊர்ப் புளியமரம் விலை கொடுக்கும்.

கோவேறு கழுதைக்கும் சிலந்திக்கும் இன்னொரு வேற்றுமையும் உண்டு. கோவேறு கழுதை தன் பிறப்பைத் தன் முகத்திலேயே எழுதிக்கொண்டு வருகிறது. அதனைக் குதிரை என்று சொல்லி எவரும் எவரையும் ஏமாற்ற இயலாது. அன்றியும் அது பெரும்பாலும் ஈனுவதில்லை. அதன் கலப்பு அதனோடு முடிந்துவிடும். சிலந்தியின் கதை அவ்வாறன்று. இவ்வினங்களைக் கால்களின் அடிப்புறத்துப் பட்டைகளைக் கொண்டே பெரும்பாலும் பிரித்தறிகின்றனர். குஞ்சுப் பருவத்தில் அதுவும் தெளிவாகத் தெரியாது. ஒரு முட்டைப்பையிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட குஞ்சுகளும் வெளிவரக்கூடும். கலந்து பிறந்தவை மலடாகத்தான் இருக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு ஒன்றே அவற்றின் பிறப்புச் சான்று. கை மாறிக் கை மாறிச் செல்லும்போது சீட்டு கிழியும், அல்லது யாரோ ஒருவர் மாற்றி எழுதுவார். பிறகு உண்மையை மீட்க வழியில்லை.

மெக்சிகோ நாட்டுச் செம்முழங்காற் சிலந்தி இதற்கு ஒரு பாடம். 1897-இல் பெயரிடப்பட்ட அவ்வினம் 1985-இல் மேற்சொன்ன உடன்படிக்கைப் பட்டியலில் இடம்பெற்றது. உலகெங்கும் வீடுகளில் விரும்பி வளர்க்கப்பட்டது. 2017-இல் மெண்டோசா, ஃபிராங்கே என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் அக்குழுவை ஆராய்ந்து, அப்பெயரால் வீடுகளில் வளர்ந்தவற்றுள் பலவும் உண்மையில் அதற்கு நெருங்கிய வேறோர் இனத்தைச் சேர்ந்தவை எனத் தெளிவுபடுத்தினர். அதுவரை இரண்டும் ஒன்றே என எண்ணி நல்லெண்ணத்தோடு இணை சேர்த்தோர் எத்தனை பேரோ! அறியாமற் செய்தவர் மீது குற்றமில்லை. அறியாமலே இவ்வளவு குழப்பம் நேருமாயின், அறிந்தே கலப்பதனால் விளையும் குழப்பத்தை எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது விற்பனை. மதீனாக் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் பெருமானார் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மேலே உலர்ந்ததும் அடியில் நனைந்ததுமாக வைத்து விற்ற அவ்வணிகரைக் கண்டித்து, ஏமாற்றுவோரைத் தம் கூட்டத்தினின்று விலக்கிப் பேசினார்கள். கலப்புச் சிலந்தியைத் தூய இனத்தின் பெயரால் விற்பது அந்த ஈரத் தானியத்தை விற்பதேயன்றி வேறில்லை. ‘வாங்கும்போது அவர் கேட்கவில்லையே’ என்பது சாக்காகாது. குறையை மறைப்பது விற்பவரின் பாவம். பயனற்ற பூச்சியினங்களையும் நச்சுயிர்களையும் விற்பதே செல்லாது என்பது நம் கடற்கரை ஊர்கள் பின்பற்றும் ஷாஃபியீ மத்ஹபின் முடிவு என்பதையும் அந்த இளைஞர் நினைவில் கொள்வாராக. ஐயத்துக்கிடமான வருவாயை நாடி ஒரு முட்டைப்பையை எதிர்நோக்குவது முஃமினுக்கு அழகன்று.

ஆண் சிலந்தி இணையின்றி மடிகிறதே என்னும் இரக்கத்தை நான் ஏளனம் செய்யவில்லை. சிற்றுயிர் மீது இரங்கும் நெஞ்சம் இறைவனின் அருளே. ஆனால் அந்த இரக்கத்துக்கு வேறு வழி திறந்திருக்கிறது. அதே இனத்தின் பெண் சிலந்தியை வைத்திருப்பவருக்கு ஆணை இரவலாக அனுப்புவது அந்நாட்டு வளர்ப்போரிடையே வழக்கத்தில் உள்ளது. இது நம் மார்க்கத்துக்கும் புதிதன்று. ஒட்டகத்தின் கடமைகளை எடுத்துரைத்த பெருமானார் (ஸல்) அவர்கள், பொலியொட்டகத்தை இரவல் கொடுப்பதையும் அவற்றுள் ஒன்றாகச் சொன்னார்கள். அதே வேளையில், ஆணை இணைசேரவிட்டு அதற்குக் கூலி பெறுவதைத் தடுத்தார்கள். எனவே ‘குஞ்சுகளில் பாதி எனக்கு’ என்று முன்கூட்டியே பேசி முடிவுசெய்வதைத் தவிர்ப்பதே பேணுதலாகும். பின்னர் அவர் மனமுவந்து கொடுப்பதைப் பெற்றுக்கொள்ளலாம். இவ்வழியில் ஆணின் நாளும் வீணாகாது, இனமும் பெருகும், கையும் கறைபடாது.

ஏற்கெனவே கலந்து பிறந்துவிட்டவற்றை என்ன செய்வது? வளர்ப்போருள் சிலர், அத்தகைய குஞ்சுகளை உறையவைத்துக் கொன்றுவிடுவதே முறை என்கின்றனர். நான் அதற்கு விரையமாட்டேன். பிழை செய்தவர் மனிதர். குஞ்சுகள் எவருக்கும் தீங்கிழைக்கவில்லை. பேண இயலுமாயின் அவற்றின் ஆயுள் முடியும்வரை தம்மிடமே வைத்துப் பேணட்டும். மீண்டும் இணை சேர்க்க வேண்டாம். விற்க வேண்டாம். பிறர் பொறுப்பில் கொடுக்க நேர்ந்தால் கலப்பு என்பதைத் தெளிவாக எழுதிக் கொடுக்கட்டும். பெண் சிலந்தி பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடும். நூறு குஞ்சுகளுக்கு அத்தனை ஆண்டு இரை தேடிப் போடும் சுமையை எண்ணினாலே, ‘புதுமையாக இருக்கும்’ என்னும் ஆசை தானாகத் தணிந்துவிடும்.

இவையெல்லாம் அயல்நாட்டுச் செய்தி என்று நம் இல்லங்கள் எண்ணிவிட வேண்டாம். 2021-ஆம் ஆண்டு ஜூலையில் போலந்து நாட்டிலிருந்து சென்னைக்கு விமானத்தில் வந்த அஞ்சற் பொதியொன்றைச் சுங்க அதிகாரிகள் திறந்தபோது, சிறு சிறு குப்பிகளில் பஞ்சு சுற்றி அடைக்கப்பட்ட 107 சிலந்திகள் உயிரோடு இருந்தன. அப்பொதி தமிழ்நாட்டு முகவரிக்கே வந்திருந்தது. சிலந்திகள் திருப்பியனுப்பப்பட்டன. அதற்குப்பின் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் 2022-இல் திருத்தப்பட்டு, பன்னாட்டுப் பட்டியலில் உள்ள உயிரினங்கள் அதன் வரம்புக்குள் கொணரப்பட்டுள்ளன. ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளை இத்தகைய ஆசையோடு வந்தால் அருவருத்து விரட்டாதீர்கள். அமர்த்திப் பேசுங்கள். ஆர்வம் நல்லது. தோப்பில் இரவில் நின்று தொலைவிலிருந்து பார்க்கவும், மரம் வெட்டப்படாமல் காக்கவும் அவ்வார்வத்தைத் திருப்பிவிடுங்கள்.

அந்த இளைஞருக்கு நான் எழுதிய விடையின் சுருக்கம் இதுதான்: “தம்பி, இது ஃபத்வா அன்று. ஓர் ஆசிரியனின் கருத்து. நீ வைத்திருப்பது நம் ஊர் அமானிதம். அதன் சீட்டைக் கிழியாமல் வைத்துக்கொள். அதன் இனத்தைச் சேர்ந்த ஆண் கிடைத்தால் சேர்த்து வை. கிடைக்காவிட்டால் அதனை அப்படியே வாழவிடு. நண்பரின் ஆணுக்கு உரிய பெண்ணைத் தேடிக்கொடு. அது உன் நட்புக்கும் நன்மை.” அவர் ஏற்றுக்கொண்டதாகவும், நண்பருக்குத்தான் சற்று வருத்தம் என்றும் மறுமொழி வந்தது. ஆண் சிலந்தியை ஏற்றுக்கொள்ள வேறோர் ஊரில் ஒருவர் இசைந்திருக்கிறாராம்.

ஒரு சிலந்திக்காக இத்தனை பேச்சா என்று கேட்போர் இருக்கலாம். சிலந்தியின் பெயரைத் தன் மறையின் ஓர் அத்தியாயத்துக்குச் சூட்டியவனிடம் நாம் கணக்குக் கொடுக்கப்போகிறோம் என்பதே என் விடை. நம் கையில் ஒப்படைக்கப்பட்ட உயிர்கள் ஒவ்வொன்றையும் அதனதன் முறைப்படி பேணவும், அறியாதவர்களின் செயலினின்று விலகி நிற்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.